வாயாடிக்கு ஒரு கல்லூரி

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். பரீட்சையில் எப்போதும் முதல் மார்க். ஆனால் நாலு தோழிகள் சூழ உட்காராவிட்டால் ஒரு பக்கம் கூடப் படிக்க ஓடாது. என் அக்கா மகள் அந்த ரகம். செங்கற்பட்டிலிருந்து வந்த தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் கல்லூரி பார்க்கக் கிளம்பினேன்.

காலையில் ராணி மேரிக் கல்லூரி. 1914-ல் தோன்றியது, சென்னை நகரில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி. எதிரே மெரீனா, கடற்காற்றுக்குக் குறைவில்லை. 2003-ல் இந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே அமர்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

"பார்த்தாயா அம்மா! பெண்கள் கூடிப் பேசினால் வம்பு மட்டும்தான் வளருமா?" என்றாள் மகள்.

"தினமும் ரயில், அப்புறம் பஸ். அலைச்சல் தாங்காதடி" என்று அக்கா பேச்சை மாற்றினாள்.

எழும்பூரில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு 1937-ல் இங்கே குடியேறியது. 365 ஏக்கர்! எங்கும் மரங்கள், புதர்க்காடு, புள்ளிமான்கள்.

"சித்தி, இங்கே மானோடுதான் பேச வேண்டும் போலிருக்கிறதே!"

அக்காவுக்கோ பரம திருப்தி. வீட்டிலிருந்தே போய் வரலாம், வாயாடவும் வழியில்லை!

மணி நாலரை ஆயிற்று. விடுதியை இங்கே 'ஹால்' என்கிறார்கள். பெண்களுக்குத் தனி ஹால்கள் உண்டு. மரத்தடியில் ஐந்தாறு பெண்கள். ஒருத்தி கணக்கைச் சொல்லிக் கொடுக்க, மற்றவர்கள் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார்கள். நடுவே ஒரே சிரிப்பு. எங்கள் பெண் அங்கேயே நின்றுவிட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

கல்லூரி பார்க்கப் போகும் தாய்மார்களே, காலையில் கட்டடத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். பேசிப் பேசியே படிக்கிற பெண்ணுக்கு, வகுப்பு கலைந்த பிறகுதான் பாதிப் படிப்பு. அந்த நேரத்தில் அவளை ரயிலடிக்குத் துரத்தினால் என்ன மிஞ்சும்?

திரும்பும் வழியில் எங்கள் வாயாடி வாயே திறக்கவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டியதும் அக்கா மெல்லக் கேட்டாள்:

"ஏன்டி, ஞாயிற்றுக்கிழமையில் இந்த ரயிலில் கூட்டம் இருக்காதில்லையா? கையில் பலகாரத் தூக்கோடு நின்றுகொண்டு வர முடியாது, பார்!"