ஒரே ஒரு நாற்காலி

நேத்து ராத்திரி இங்கே நாக்பூரில் நல்ல மழை. தங்கமணி ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கிட்டாங்க. எனக்குத் தூக்கம் வரலை. மழைச் சத்தம் கேட்டாலே ஆலப்புழையும், அங்கே பார்த்த ஒரு சேச்சியும் ஞாபகத்துக்கு வந்துடுவாங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

2018-ல் ஆலப்புழையில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நான் தஞ்சாவூர்க்காரன். வயலைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்னு ஒரு நினைப்பு. குட்டநாட்டைப் பார்த்த அன்னிக்கே அது போச்சு. அங்கே வயல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கு. சில இடத்துல ஆறேழு அடி கீழே! வேம்பநாட்டுக் காயலை வரப்பு போட்டுத் தடுத்து, தண்ணியை வெளியே இறைச்சு நெல் போடறாங்க. அந்த வரப்பு மேலேயே வீடுகள். முன்வாசல்ல காயல், பின்வாசல்ல வயல். நம்ம வீட்டு வாசல்ல சைக்கிள் நிக்கிற மாதிரி அங்கே வள்ளம்.

ஜூன் கடைசியில் கைநகரியிலிருந்து அந்தச் சேச்சி வந்தாங்க. வருஷா வருஷம் மழைக்கு வீட்டுக்குள்ளே தண்ணி வருது, தரையை ரெண்டடி உயர்த்தணும், ஒன்றரை லட்சம் வேணும்னாங்க. இடம் இறந்துபோன மாமனார் பேர்லயே இருந்தது. வாரிசுப் பேப்பர் எதுவும் இல்லை. அன்னிக்குக் கூட்டம் வேற. தலையை நிமிர்த்தாமலேயே "முடியாது சேச்சி, பத்திரம் சரியானதும் வாங்க"ன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.

ஜூலையில் முதல் வெள்ளம். வரப்பு உடைஞ்சு வயல் முங்கினது. அதிலிருந்து எழுந்திரிக்கறதுக்குள்ளே ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பெரு வெள்ளம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில்னு மலையிலிருந்து வர்ற ஆறுகள் எல்லாம் குட்டநாட்டில்தான் வந்து கொட்டும். கடலுக்குப் போக வழி குறைவு. 1955-ல் கட்டின தோட்டப்பள்ளி மதகு எவ்வளவுதான் தாங்கும்? குட்டநாடே ஏறக்குறையக் காலியாச்சு. படகு வீடு, வள்ளம்னு கிடைச்சதிலெல்லாம் ஜனங்க ஆலப்புழைக்கும் சங்ஙனாசேரிக்கும் வந்து இறங்கினாங்க. கடற்கரை மீனவர்கள் சொந்தப் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. கேரளா முழுக்க அவங்க காப்பாத்தினது சுமார் 65,000 பேர்னு அரசு சொன்னது. அவங்கள்ல பல பேர் யாரும் கூப்பிடாமலேயே வந்தவங்க.

எங்க தெருவில் நாலு தமிழ்க் குடும்பம். நாலு வீட்டு அடுப்பும் சேர்ந்து முகாமுக்குப் புளியோதரை போச்சு. ஒரு அப்பச்சன் சாப்பிட்டுட்டு, "நல்லா இருக்கு, ஆனா நாளைக்குக் கஞ்சி கொடுங்க"ன்னார். மறுநாளிலிருந்து கஞ்சியும் பயறும்தான்.

ஆகஸ்ட் 28-லிருந்து வீடுகளைச் சுத்தம் பண்ண ஆயிரக்கணக்கான பேர் படகேறினாங்க. கைநகரியில் மட்டும் தண்ணி சீக்கிரம் வடியலை. உடைஞ்ச வரப்பை அடைச்சு, மோட்டார் வச்சு இறைச்சாத்தான் தரையே தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க எட்டுப் பேர் அங்கே போனோம். எலிக்காய்ச்சலுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பூட்ஸ், கையுறை, பிளீச்சிங் பவுடர். கூட ஒரு எலக்ட்ரீஷியன். அவர் பார்த்துச் சொல்ற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

மூணாவது வீட்டு வாசல்ல நின்னது அதே சேச்சி. எனக்குப் பகீர்னுச்சு. அவங்களுக்கும் என்னை அடையாளம் தெரிஞ்சது. ஒண்ணும் சொல்லலை, மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாங்க.

சுவர்ல நெஞ்சு உயரத்துக்குத் தண்ணிக் கோடு. கதவெல்லாம் ஊறி உப்பி, மூட முடியலை. மெத்தையை நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிஞ்சது. கொடியில் துணிக்குப் பதிலா ரேஷன் கார்டு, பிள்ளையோட சர்டிபிகேட், எங்க வங்கி பாஸ்புக். சுத்திலும் தண்ணி, ஆனா குடிக்கத் தண்ணி படகில்தான் வந்தாகணும்.

மத்தியானம் கட்டன் சாயா போட்டாங்க. வீட்டில் உருப்படியா இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் துடைச்சு எனக்குப் போட்டாங்க. நான் மெதுவா, "சேச்சி, அந்த லோன் விஷயம்..."னு ஆரம்பிச்சேன்.

அவங்க சிரிச்சாங்க. "நீங்க கொடுத்திருந்தா அதுவும் இந்தச் சேத்துலதான் போயிருக்கும் சாரே. தவணை மட்டும் மிச்சம் இருந்திருக்கும்."

கூட வந்தவங்களும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

கணக்குப் பார்த்தா அவங்க சொன்னது சரிதான். நெஞ்சளவு வெள்ளத்துக்கு ரெண்டடி எம்மாத்திரம்? அப்புறம் அரசாங்கம், குடும்பஸ்ரீ குழுக்கள் மூலமா வெள்ளம் பாதிச்ச வீட்டுக்கு ஒரு லட்சம் வரைக்கும் கடன் அறிவிச்சது. வட்டியை அரசே கட்டும். குழுவை நம்பிக் கொடுக்கிற கடன், நிலப் பத்திரம் தேவையில்லை. சேச்சியோட குழு வந்தப்ப எல்லார் பேப்பரையும் நானே உட்கார்ந்து எழுதினேன். அந்த முறை எல்லாருக்கும் நாற்காலி போட்டுட்டுத்தான் எழுத ஆரம்பிச்சேன்.

அந்த ஜூன் மாச விண்ணப்பம் இன்னிக்கு என் மேஜைக்கு வந்தாலும் "முடியாது"ன்னுதான் சொல்லியாகணும். விதி அப்படி. ஆனா அன்னிக்கு அவங்க ரெண்டு படகு மாறி வந்து, பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க. உட்காருங்கன்னு நான் சொல்லலை. உட்காரச் சொல்லக்கூடாதுன்னு எந்த விதியும் இல்லை.