முகவரி இல்லாத வீட்டுக்கு இணையம்

கொழும்பிலே உத்தியோகம், தோட்டத்திலே குடியிருப்பு என்று ஒரு வாழ்வு அமையக்கூடும் என எம் தகப்பனாரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். தெரணியகலைக்கு அப்பால், இறப்பர் மலையொன்றின் சரிவிலே கிடக்கும் லயத்தில் பிறந்தவர் நாம். படித்தோம், கொழும்பு சென்றோம், மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்தோம். 2022ஆம் ஆண்டில் நாடு நொடித்தது. எரிபொருளுக்கு நெடும் வரிசை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. “இனி வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்” என்றார்கள். வாடகை அறையைக் காலி செய்து, மடிக்கணினியும் துணிப்பெட்டியுமாகத் தாயாரிடம் வந்து சேர்ந்தோம். வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு முதலில் வீடு என்று ஒன்று வேண்டும் என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

எமது காம்பராவிலே கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வானொலி அலை பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் நிழலிலே இருப்பவனுக்கு எட்டுவதில்லை. கோபுரம் பஜாருக்கு மேலே நிற்கிறது. நாமோ மலையின் மறுபுறத்தில் இருக்கிறோம். தேயிலையும் இறப்பரும் செழிக்கும் சரிவைத் தேடி நட்ட வெள்ளைக்காரத் துரைமார், தொழிலாளிக்குப் பயிர் வேண்டாத பள்ளத்தை ஒதுக்கினார்கள். அந்தப் பழைய கணக்குக்கு நாம் இன்றும் வட்டி கட்டுகிறோம்.

மாரியம்மன் கோயிலுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கே மட்டும் இரண்டு கோடு சிக்னல் தெரியும். நாம் அதனையே அலுவலகமாக்கிக்கொண்டோம். குடை, பிளாஸ்டிக் விரிப்பு, அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஆகியவையே எமது தளபாடம். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் தீரும். அப்போது பாறையும் ஊமையாகும்.

அந்தப் பாறைக்கு எமக்கு முன்னரே உரிமையாளர் இருந்தனர். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட நாள்முதல் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே ஏறிப் பாடம் கேட்டு வந்தார்கள். எம் தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்திலும் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து பாறையேறிப் படித்ததை 2021இல் உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. மலையின் நிழல் இனம் பார்த்து விழுவதில்லை.

ஒருநாள் மாலை, உயர்தரம் படிக்கும் சிறுமி ஒருத்தி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி எமக்குப் பின்னால் நெடுநேரம் நின்றிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “மாமா, ஒங்க வேல எப்ப முடியும்?”

நாம் திரும்பிப் பார்த்தோம். சிக்னல் கிட்டும் இடமோ ஒருவர் உட்காரும் அளவு. அதிலே பகல் முழுதும் அமர்ந்திருந்தவர் நாம். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மறுநாளே நிலையான இணைப்புத் தேடிப் புறப்பட்டோம். நகரத்திலே ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் தந்தார்கள். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், காணி உறுதி அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம் என்று கேள்விகள் அடுக்கியிருந்தன. எமக்கு வீதி இல்லை, இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் மட்டுமே உண்டு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர்தாம். “இதை எங்கே பதிவதென்று தெரியவில்லையே” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, நாற்பது ஆண்டு பால் வெட்டிய எம் தாயார் வியப்படையவில்லை. “கடுதாசியே ஆபீசு வழியாத்தானேப்பா வருது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலே எமது சரித்திரம் இருக்கிறது. தோட்ட மக்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து கைமாறியே லயத்துக்கு வருவது நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர் எம் உறவிலேயே உண்டு. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை படிப்படியாகவே மீண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும் குடிமகனானவன் குடியிருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரன் ஆகவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. இத்தனை கைமாறியும் காம்பரா அதில் வாழ்பவன் கைக்கு வரவில்லை. கம்பியானாலும் கடிதமானாலும் முகவரியைத்தான் கேட்கிறது.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. செய்மதி நேரே வானத்திலிருந்து பேசும். மலையின் நிழல் அதற்கு அத்தனை தடையில்லை. இனிக் கவலையில்லை என்று நண்பர்கள் எழுதினார்கள். கருவிக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். மாதக் கட்டணம் பன்னீராயிரத்துக்குக் குறையவில்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் கருவிக்கு மட்டும் எழுபத்து நான்கு நாளுக்கும் மேலான உழைப்பு வேண்டியிருந்தது. விஞ்ஞானம் மலையைத் தாண்டிவிட்டது, கூலியைத் தாண்டவில்லை.

கடைசியில் வழி கண்டது தனி மனிதரல்லர். டிவிசனின் இளைஞர்களும் ஏழு குடும்பங்களும் கூடிப் பேசினோம். மேல் லயத்தை ஒட்டிய வாசிப்பு அறையில் உயர்ந்த கம்பமொன்றை நட்டு, அதன் உச்சியில் கோபுரத்தை நோக்கி அன்டெனாவைப் பொருத்தி, சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டரை வைப்பது என்று முடிவாயிற்று. கம்பம் நடுவதற்கு அனுமதி பெற மூன்று வாரம் அலைந்தோம். செலவைப் பங்கிட்டோம். பகலிலே நாமும், கணக்கெழுதும் இரு பெண்களும் அங்கே வேலை செய்கிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் அறை பிள்ளைகளுடையது. இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

இதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மார்தட்ட மாட்டோம். பெருமழையில் இணைப்புத் தளர்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசி மலைநாடெங்கும் மண் சரிந்தபோது, எவர் இருக்கிறார், எவர் இல்லை என்று அறியவும் வழியின்றிப் பல நாள் தவித்தோம். சிக்னல் பாதி உத்தியோகம். மீதி உயிர் என்பதை அந்நாட்களில் உணர்ந்தோம்.

கிராமங்களுக்குத் தொடர்பாடல் கொண்டுசெல்லும் அரசின் திட்டத்துக்கு இரத்தினபுரி மாவட்டமே முன்னோடியாயிற்று. நல்லதே. ஆனால் கிராமம் என்ற சொல்லுக்குள் தோட்டமும் அடங்கவேண்டும். 1934–35இல் கேகாலைப் பகுதியை மலேரியா வாட்டியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து வாசல்தோறும் ஏறினார்கள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936இல் ருவன்வெல்ல மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். நோயாளியிடம் அந்த இளைஞர்கள் காணி உறுதி கேட்கவில்லை. இணையமும் அவ்வாறே வாசலுக்கு வரவேண்டியது. அதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியும், அதன்மேல் ஓர் இலக்கமும் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுப்பவேண்டிய முதற் கோரிக்கை இதுவே.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு இப்போது எம்மிடம் பதில் உண்டு: ஆறு மணிக்கு முடியும், மகளே. அவள் வீட்டிலேயே அமர்ந்து படிக்கும் நாள் எது என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.