ஆறிய புண், ஆறாத வலி

முதுகுவலியால் பல்லாண்டு வாடிய மூதாட்டி ஒருவரிடம், "எலும்பில் பழுதில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டார், எல்லாம் மனப்பிரமைதான், அம்மா" என்று ஒருமுறை கூறிவிட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டார்.

சிக்காகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அப்காரியன் குழுவினர், அண்மையில் முதுகுவலி கண்டவர்களை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். முன்மூளையின் ஒரு பகுதியும், விருப்பத்தையும் ஊக்கத்தையும் ஆளும் உள்மூளைப் பகுதியொன்றும் தொடக்கத்திலேயே மிக நெருங்கி இணைந்து இயங்கியவர்களிடமே வலி பெரிதும் நிலைத்திருந்தது. புண் ஆறினும் வலி ஆறாதிருப்பது பொய்யன்று. மூளையின் இணைப்புகளிலும் அதற்கு வேருண்டு.

இதைப் படித்த மறுநாளே அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "உட்காருங்க, சாமி" என்றார். அன்று அறிவுரை எதுவும் கூறவில்லை. அவர் தம் வலியைச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தேன்.