எஞ்சியது வளரும்

கல்லீரலின் வலப்பகுதியில் கட்டி இருப்பதாகவும் அறுவை சிகிச்சை தவிர்க்க இயலாதது என்றும் மருத்துவர் தெரிவித்த அன்று மாலை, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டங்கள் போடத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கால அட்டவணை தயாரித்தவன் வேறென்ன செய்வான்?

மருத்துவர் கூறியவற்றை வரிசையாக எழுதினேன். முதல் ஓரிரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பின்னர் பொது வார்டு. இடையூறு ஏதும் இல்லையெனில் ஏழு முதல் பத்து நாளில் வீடு. வயிற்றில் சேரும் நீரை வெளியேற்ற ஒரு குழாய் இருக்கும். கூடிய விரைவில் எழுந்து நடக்க வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட கருவியில் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். வீடு திரும்பிய பின் ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது. காய்ச்சல், கண்ணில் மஞ்சள், தையலில் சீழ் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வலி மாத்திரையைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை: 'இரவுத் துணை'. மனைவிக்கு மூட்டுவலி, தரையில் படுக்க இயலாது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கிடைத்ததோ நான்கு நாள் விடுப்பு.

"தம்பியைக் கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கிணற்றுப் பங்கு தொடர்பான வழக்கில் நாங்கள் இருவரும் பேச்சை முறித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொது வார்டுக்கு வந்த முதல் இரவில் இருமல் வந்தது. மேல்வயிற்றில் தையல் ஒவ்வொன்றும் சுண்டி இழுத்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுமாறு செவிலியர் சொல்லியிருந்தார். என் கைகளில் வலுவில்லை. அப்போது வேறு இரு கைகள் தலையணையை அழுத்திப் பிடித்தன.

"மெதுவா இருமுங்கண்ணே."

நான் கேட்காததை என் மனைவி கேட்டிருந்தாள். அந்த இரவுகளில் என் சிறுநீர்க் குடுவையை எடுத்துக் கழுவியவன் அவனே. எனக்கு வலியைவிட வெட்கமே பெரிதாக இருந்தது. கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடம், "வெட்டிய பகுதி மறுபடியும் முளைக்குமா?" என்று கேட்டான் தம்பி.

"போனது முளைக்காது. மிச்சம் இருக்கிற பகுதிதான் சில மாதங்களில் பெரிதாகி, முழுக் கல்லீரலின் வேலையையும் எடுத்துக்கொள்ளும்" என்றார் அவர்.

தம்பி தலையாட்டிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில், நான் பிடித்து எழுவதற்காகக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கயிற்றைக் கட்டிவைத்தான். துவைத்துக் காயவைத்த பழைய இறைகயிறு. எந்தக் கிணற்றுக் கயிறு என்று நான் கேட்கவில்லை, தொட்டதும் தெரிந்தது. ஒருக்களித்து, அதைப் பற்றித்தான் ஆறு வாரமும் எழுந்தேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளும் திரும்பப் போவதில்லை. ஆயினும் மாலைதோறும் அவன் வந்து திண்ணையில் அமர்கிறான்.

அறுவைக்கு நாள் குறித்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: மருந்துக்கும் பணத்திற்கும் திட்டமிடுங்கள். அதற்கு முன், இரவுத் துணை என்னும் கட்டத்தை நிரப்புங்கள். எழுதத் தயங்கும் பெயர் ஏதேனும் இருந்தால், அதையே முதலில் எழுதிப் பாருங்கள்.