நிறம் போனாலும் உப்புப் போகாது

தமிழ்நாட்டின் திருப்பூரைப் பனியன் நகரம் என்பார்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை தையல் இயந்திரச் சத்தம். வேலை முடிந்து கூட்டங்கூட்டமாக வெளியே வருவோரில் எத்தனையோ பெண்கள். நகரின் நடுவே நொய்யல் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு இது.

ஆற்றோடு கிழக்கே சென்றால் ஒரத்துப்பாளையம் அணையை அடையலாம். விவசாயத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட இவ்வணையில் சாயப் பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியது. கிணறுகள் உப்பாகின, வயல்கள் பாழாகின. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கிணற்றை இழந்தவரும் ஏழை. பட்டறை மூடப்பட்டதால் கூலியை இழந்தவரும் ஏழை.

பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். துணியில் ஒட்டாத சாயமும் அந்த உப்பும் கழிவுநீரோடு போகின்றன. சாயத்தை அழிப்பதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழிகளுள் ஒன்று ஒளி ஊக்கி. வர்ணப் பூச்சுகளில் சேர்க்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெள்ளைத் தூளே அது. இத்தூளின்மீது கழியூதாக் கதிர் பட்டால், பக்கத்திலுள்ள சாய மூலக்கூறுகள் சிதைகின்றன. ஆனால் நீரில் கலந்த நுண்தூளைத் திரும்பப் பிரித்தெடுப்பது சிரமம். அதனால் அதைக் கண்ணாடியிலோ மணலிலோ படியவைத்து, அதன்மேல் நீரை ஓடவிடுகிறார்கள். அதே பூச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எனினும் கடுஞ்சாய நீருக்குள் ஒளி நன்றாகப் புகாது. நிறம் மறைந்த பின்னும் உப்பு நீரிலேயே இருக்கும். உப்பை நீக்க வேறு சுத்திகரிப்பு வேண்டும். அதனாலேயே, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாது சுத்திகரித்து மீளப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை திருப்பூரில் விதிக்கப்பட்டது. அதற்குச் செலவு அதிகம். பிரிந்துவரும் உப்புக் கழிவையும் பாதுகாப்பாக வைக்க இடம் வேண்டும்.

எமது பகுதிகளிலும் கைத்தறி நூலுக்குச் சாயமிட்டுக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் உள்ளனர். சாயத் தொழிலுக்குக் கடனோ பயிற்சியோ தர யாரேனும் முன்வந்தால், சாயத்தண்ணீர் எங்கே போகும், கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தெளிந்த நீரைக் காட்டினால், அதிலுள்ள உப்பை அளந்தார்களா என்றும் கேளுங்கள். தொழிலும் வேண்டும், குடிக்கும் கிணறும் வேண்டும்.