ஸ்டைலை எங்கே எழுதுவது?

இணையப்பக்கம் செய்யப் பழகுகிறவர்கள் சிஎஸ்எஸ் பக்கம் வந்ததும் முதலில் குழம்புவது இதில்தான். ஒரே விதியை மூன்று இடங்களில் எழுதலாம். எச்டிஎம்எல் டேகுக்குள்ளேயே எழுதலாம். பக்கத்தின் ஹெட் பகுதியில் மொத்தமாக எழுதலாம். தனி ஃபைலில் எழுதி, லிங்க் டேக் போட்டு இணைக்கலாம். எங்கே எழுதினாலும் நிறம் மாறத்தான் செய்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

என்னைக் கேட்டால், நாளைக்கு இதை மாற்ற வேண்டி வந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்று யோசித்தால் போதும்.

40 பக்கம் உள்ள ஒரு தமிழ்த் தளம் என்று வைத்துக்கொள்வோம். நம் எழுத்துகளுக்கு மேலே சுழி, கீழே வால் என்று இருப்பதால், ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாகத் தெரியும். 1.3 என்று இருப்பதை 1.7 ஆக்க வேண்டும். தனி ஃபைலில் இருந்தால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. ஒவ்வொரு பத்தியின் டேகிலும் எழுதியிருந்தால்? நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றினாலும் நாலைந்து விட்டுப்போகும். தவிர, தனி ஃபைலை பிரவுசர் ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொண்டால் மற்ற பக்கங்களுக்கும் அதையே பயன்படுத்தும்.

டேகுக்குள் எழுதுவதில் இன்னொரு வம்பும் உண்டு. அது ஃபைலில் உள்ள சாதாரண விதிகளை அமுக்கிவிடும். பெட்டியின் அகலம் 900 பிக்சல் என்று டேகில் இருந்தால், கைபேசிக்காக ஃபைலில் 100% என்று எழுதியது எடுபடாது. படிக்கிறவர் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 'இம்பார்ட்டன்ட்' சேர்த்து ஜெயிக்கலாம். ஆனால் ஒன்றுக்குச் சேர்த்தால் அடுத்ததற்கும் சேர்க்க வேண்டிவரும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஒரே ஒரு பக்கம்தான் என்றால் ஹெட் பகுதியே போதும். மின்னஞ்சல் மடல்களில் டேகுக்குள் எழுதுவதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் பல மெயில் மென்பொருள்கள் வெளி ஃபைலைக் கண்டுகொள்வதில்லை.

2003-இல் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தைப் பாருங்கள். எச்டிஎம்எல் ஒன்றுதான். ஸ்டைல் ஃபைலை மட்டும் மாற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வடிவமைத்திருக்கிறார்கள். அந்த எச்டிஎம்எல் டேகுகளுக்குள் நிறமும் அகலமும் எழுதி வைத்திருந்தால் அது நடந்திருக்காது. உங்கள் தளத்தையும் நாளைக்கு வேறொருவர் திருத்த வேண்டிவரும். அநேகமாக அந்த வேறொருவர் நீங்களாகவே இருப்பீர்கள்.