வாடும் இதழ்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதவியல்)

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, கணித மேதை இராமானுஜனைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவரைப் பற்றி எழுத ஆண்டுதோறும் யாரேனும் இருக்கிறார்கள். எங்கள் நூலக மேசையொன்றில் கயிற்றால் கட்டப்பட்டுக் கையொப்பத்துக்குக் காத்துக் கிடந்த மாத இதழ்களைப் பற்றி எழுதத்தான் எவரும் இல்லை.

என் அன்னை தோவாளையில் பூக்கட்டும் தொழிலாளி. விடியுமுன்னே கூடிவிடும் அந்தச் சந்தைக்குச் சிறுவயதில் அவருடன் பலமுறை போயிருக்கிறேன். மூட்டை வந்து இறங்கும், எடை போடுவார்கள், துண்டுச்சீட்டில் குறிப்பார்கள், பூ கேரளத்துக்கு வண்டியேறிவிடும். கணக்கு இல்லாமல் வியாபாரம் உண்டா? உண்டுதான், ஆனால் பேரேட்டில் ஏற்றுவது வெயில் ஏறிய பிறகு. கணக்கெழுதி முடியட்டும் என்று பூவைக் காக்க வைத்தவர் எவரையும் நான் அங்குக் கண்டதில்லை.

சென்ற ஆண்டு, ஓர் ஆங்கில அறிவியல் மாத இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாதி புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னட்டையில் கல்லூரி மாணவர்க்கான கோடைக்கால ஆய்வுப் பயிற்சி பற்றிய அறிவிப்பு இருந்தது. உதவித்தொகை உண்டு, தங்குமிடம் உண்டு. ஓடிச்சென்று எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கடைசித் தேதியின்மீது விரலை வைத்தார். ஆறு நாள்களுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. முகப்பில் இரண்டு முத்திரைகள்: இதழ் வந்த நாள் ஒன்று, வாசகர் பார்வைக்கு வைத்த நாள் ஒன்று. இரண்டுக்கும் இடையே பத்தொன்பது நாள்கள்.

கைப்பேசியில் பார்த்திருக்கலாமே என்று தோழர்கள் கேட்டனர். இணையத்திலும் அந்த அறிவிப்பு இருந்தது. ஆனால் அப்படியொரு பயிற்சி உலகில் உண்டு என்று அறிந்தவனுக்கல்லவா அதைத் தேடத் தோன்றும்? எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. இன்னதைத் தேடு என்று சொல்ல ஓர் அண்ணன் இல்லை. அந்தப் பின்னட்டைதான் எனக்கு அண்ணன். அவன் வந்து சேரப் பத்தொன்பது நாள்கள் தாமதமாகிவிட்டது.

அந்த நாள்கள் எங்கே போயின என்று விசாரித்தேன். தபாலில் வந்த இதழ் முதலில் அலுவலகப் பதிவேட்டில் ஏறுகிறது. பிறகு நூலகத்துப் பேரேட்டில். முதற்பக்கத்திலும் உள்ளே குறித்த ஒரு பக்கத்திலும் முத்திரை. பட்டியலோடு ஒப்பிட்ட பின் கையொப்பத்துக்குக் கட்டாகப் போகிறது. கட்டு சேர்வதற்கே ஒரு வாரம் ஆகும். திரும்பி வந்ததும் துறைத்தலைவர் பார்வைக்கு. இடையே தேர்வு வரும், விடுமுறை வரும்.

எங்கள் நூலகர் நல்லவர். ஓர் உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை வேலைகளையும் சுமப்பவர். தயங்கித் தயங்கித்தான் அவரிடம் கேட்டேன்.

"மக்கா, நாளைக்கு ஆடிட்டுல ஒரு புத்தகம் கொறஞ்சா யாரு பதில் சொல்லுவா? நீயா சொல்லுவ?"

"அது சரி சார். ஆனா கையெழுத்து ஆகாம வெளிய வைக்கக் கூடாதுன்னு எங்க சார் எழுதியிருக்கு?"

அவர் கோபிக்கவில்லை. மறுநாள் பழைய அலமாரியைத் திறந்து தேடியிருக்கிறார். ஆணை எதுவும் கிடைக்கவில்லை. பேரேடு ஒன்றின் உட்புறத்தில், என்றோ பணியிலிருந்த ஒருவர் எழுதிய குறிப்புதான் கிடைத்தது: இதழ்களையும் நூல்களைப் போலவே பதிவு செய்க என்று. அவர் காலத்தில் அதற்கு ஏதேனும் காரணம் இருந்திருக்கும். நூல் நெல்லைப் போன்றது. பத்தாயத்தில் சில மாதம் இருந்தால் கெட்டுவிடாது. இதழோ பூ. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை அந்தக் குறிப்பெழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

நூலகர் அதன்பின் ஒரு செய்தி சொன்னார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். (கணித மாணவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.) 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது. பருவ இதழ்களுக்கென்றே மூன்று அட்டை முறை ஒன்றையும் அவர் வகுத்திருக்கிறார். வந்த இதழைக் குறிக்கப் பதிவு அட்டை. நூலகத்தில் உள்ள தொகுதிகளைக் காட்ட வகைப்படுத்திய அட்டை. மூன்றாவது சரிபார்ப்பு அட்டை. அடுத்த இதழ் எந்த வாரம் வரவேண்டுமோ அந்த வாரத்துக்குரிய இடத்தில் இந்த அட்டையை வைக்க வேண்டும். இதழ் வந்தால் அட்டை அடுத்த இடத்துக்கு நகரும். வார முடிவில் நகராமல் நிற்கும் அட்டை, வராத இதழைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பேரேட்டால் இதைச் செய்ய இயலாது. வந்ததை அது சொல்லும், வராததைச் சொல்லாது. ஆண்டிறுதியில் தைக்கக் கொடுக்கும்போதுதான் நடுவில் ஓரிதழ் இல்லை என்பது தெரியும். அப்போது எழுதிக் கேட்டால் பதிப்பகத்தாரிடமும் பிரதி இருப்பதில்லை.

முதல்வரின் இசைவோடு சென்ற பருவத்தில் ஒரு சோதனை தொடங்கினோம். காலையில் வரும் இதழ் ஒரு முத்திரையோடு நேரே அடுக்குக்குப் போகும். பதிவும் கையொப்பமும் பிறகு. இரண்டாம் வாரமே ஒரு விளையாட்டு இதழ் காணாமற் போயிற்று. "பாத்தியா மக்கா" என்றார் நூலகர். எனக்கு முகம் கறுத்துவிட்டது. இதழ் இன்றுவரை கிடைக்கவில்லை; எடுத்த தோழர் இதைப் படித்தாவது திருப்பித் தருவாராக. நூலகர் சோதனையை நிறுத்திவிடுவார் என்று அஞ்சினேன். அவரோ அடுக்கைத் தம் மேசைக்கு எதிரே நகர்த்திப் போட்டதோடு விட்டுவிட்டார்.

சரிபார்ப்பு அட்டைகளுக்கு ஒரு செருப்புப் பெட்டியை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். வெள்ளிதோறும் மாலையில் நான் அவற்றைப் பார்க்கிறேன். இந்த வாரம் இரண்டு அட்டைகள் நகரவில்லை. நினைவூட்டுக் கடிதங்களை எழுதி வைத்திருக்கிறேன். அவை மட்டும் கையொப்பத்துக்குப் போயிருக்கின்றன.